கம்ப்யூட்டருக்குள் ஒரு வருகைப் பதிவேடு



நம் பிள்ளைகள் சிலர் சிப் கம்பெனிகளில் இருக்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டால், "டிவைஸ் ட்ரீ எழுதுகிறேன்" என்கிறார்கள். மரத்தை எழுதுவது என்ன வேலை என்று வீட்டுப் பெரியவர்கள் விழிக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பதிவு. (செயலி என்று எழுதினால் வாட்ஸப் மாதிரி ஆப் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் புராசசர் என்றே எழுதுகிறேன்.)

கம்ப்யூட்டரையோ போனையோ ஆன் செய்ததும் லினக்ஸின் உள்மையமான கெர்னல் முதலில் ஒரு புராசசரில்தான் விழிக்கிறது. பக்கத்தில் இன்னும் எத்தனை புராசசர்கள் இருக்கின்றன, அவை என்ன வகை, எப்படி எழுப்புவது? யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும். மேசைக் கம்ப்யூட்டரில் அதன் பயாஸ் சொல்லிவிடும். போன்களில் இருக்கும் ஆர்ம் வகை சிப்புகளில் அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை. ஆர்ம் நிறுவனம் வடிவமைப்பை விற்கும். வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி சுற்றிலும் கட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி விவரத்தைக் கெர்னலுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். ஊரில் புது வீடு கட்டும்போதெல்லாம் தபால்காரரின் மூளையைத் திறந்து முகவரி எழுதுவது போல! 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து ஆர்ம்காரர்களைக் கடுமையாகவே திட்டிவிட்டார்.

தீர்வு புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1980-களின் இறுதியிலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் கம்ப்யூட்டர்களில் வன்பொருள் விவரங்களை மரக்கிளை போல அடுக்கி, இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் முறையை வைத்திருந்தது. 1994-ல் அது ஐஇஇஇ 1275 என்ற தரமானது. பவர்பிசி கம்ப்யூட்டர்களுக்கான லினக்ஸ் 2005 வாக்கில் அதை ஒரு சிறு ஃபைலாகச் சுருக்கியது. 2011-க்குப் பிறகு ஆர்ம் உலகமும் அந்த வழிக்கு வந்தது.

அந்த ஃபைலில் 'சிபியூஸ்' என்று ஒரு கிளை. அதன் கீழே ஒவ்வொரு புராசசருக்கும் ஓர் எண், வகைப் பெயர், அதை எழுப்பும் முறை. அசல் வருகைப் பதிவேடுதான்! சிப்பில் நான்கு புராசசர் இருந்து இரண்டை மட்டும் எழுதினால், மற்ற இரண்டும் பேர் சேர்க்காத பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். பெரிய புராசசரும் சிறிய புராசசரும் கலந்த போன் சிப்புகளில் ஒவ்வொன்றின் திறனுக்கும் மதிப்பெண்கூட உண்டு. எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று கெர்னல் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

இதில் நமக்கு நெருக்கமான கதை சென்னை ஐஐடியின் 'சக்தி'. 2010-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளை முறையில் பேராசிரியர் காமகோடி குழுவினர் வடிவமைத்த புராசசர் அது. 2018-ல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் செய்து வந்த சிப் லினக்ஸை இயக்கிக் காட்டியது. பிறகு சண்டிகர் அருகே 180 நானோமீட்டரிலும் செய்தார்கள். ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸும் டிவைஸ் ட்ரீயைப் படித்து எழக்கூடியது. நம் ஊர் சிப்புக்காகக் கெர்னலின் மூளையைத் திறக்க வேண்டாம், உண்மையான விவரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் எழுதியதை மாற்றுவது கடினம். ரிஸ்க்-ஃபைவ் புராசசரின் திறமைகளை ஒற்றை எழுத்துகளைக் கோத்து எழுதினார்கள்: 'ஐ' என்றால் அடிப்படை முழு எண் கட்டளைகள், 'எம்' என்றால் பெருக்கல், வகுத்தல், இப்படி. 2019-ல் தரத்தை உறுதி செய்தபோது 'ஐ'க்குள் இருந்த சில கட்டளைகளைப் பிரித்து வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் முன்பு எழுதிய 'ஐ'யும் பின்பு எழுதிய 'ஐ'யும் ஒன்றா? இந்தக் குழப்பம் தீர, 2023-ல் ஒவ்வொரு திறமைக்கும் தெளிவான விளக்கத்தோடு தனிப்பெயர் வைத்து வரிசையாக எழுதும் புது முறையைக் கொண்டுவந்தார்கள்.

பழைய ஃபைல்களைத் தூக்கி எறியவில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நேரு வீதி ஒருகாலத்தில் துய்ப்ளே வீதி. பெயர் மாறிவிட்டது என்று பழைய பத்திரத்தைச் செல்லாது என்று சொல்லிவிட முடியுமா? கெர்னலும் அந்தப் பழைய எழுத்துக் கோவையை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் சிப்பின் பதிவேட்டில் எத்தனை பேர் என்று கீழே எழுதுங்கள்.