ஆண்மை என்னும் சொல்லும் மட்டக்களப்புக் குடிமரபும்

ஒரு சொல்லின் பொருள்வரலாறு அதனை வழங்கிய சமுதாயத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. 'ஆண்மை' என்னும் சொல் இதற்குத் தக்கதொரு சான்று. இன்றைய வழக்கில் அது உடல் வலியையும் அஞ்சாமையையும் குறிக்கின்றது. சில வேளைகளிற் பாலியல் ஆற்றலை மட்டுமே குறிக்கும் அளவிற்குச் சுருங்கியும் விடுகின்றது. ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அச்சொல்லின் பழம்பொருளைத் தாங்கிய கிளைச்சொல் ஒன்று அன்றாடம் வழங்குகின்றது. வயலில் நிற்கும் நெற்பயிரையே அப்பகுதி மக்கள் 'வேளாண்மை' என்பர். அறுவடை அவர்களுக்கு 'வேளாண்மை வெட்டு'. 1975 இல் மறைந்த கவிஞர் நீலாவணன், தம் மண்ணின் வாழ்வைப் பாடத் தொடங்கிய காவியத்திற்கும் 'வேளாண்மை' என்றே பெயரிட்டார். நெல்லுக்கும் ஆண்மைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவிற்கு விடை காணச் சொல்லின் பிறப்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

ஆண்மை என்பதனை இருவகையாகப் பிரிக்கலாம். ஆண் என்னும் பெயரோடு 'மை' என்னும் பண்புப்பெயர் விகுதி சேர்ந்தது எனக் கொள்வது ஒன்று. ஆள் என்னும் அடியோடு அவ்விகுதி சேர்ந்தது எனக் கொள்வது மற்றொன்று. ளகரமெய் மகரத்தின் முன் ணகரமாகத் திரிதல் தமிழ்ப் புணர்ச்சி விதியாதலின் இரண்டும் ஒரே வடிவத்தைத் தருகின்றன. முதலாவது பிரிப்பிற் பிறப்பால் அமையும் பால் வேறுபாடும், இரண்டாவதிற் செயலால் அமையும் ஆளுந்தன்மையும் பொருளாகின்றன. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஆண்மை, பெண்மை என்பன பால் உணர்த்தும் சொற்களாக வருகின்றன. திருக்குறளிலோ ஆளுதற் பொருளே மேலோங்கி நிற்கின்றது.

வள்ளுவர் இச்சொல்லை ஈறாகக் கொண்டு அமைத்த தொடர்கள் கருதத்தக்கன. முயற்சியைத் தாளாண்மை என்றும், பிறர்க்கு உதவுதலை வேளாண்மை என்றும் 613 ஆம் குறள் இணைத்துக் காட்டுகின்றது. போர்க்களத்தைப் பேசும் 773 ஆம் குறளிலேயே, துன்புற்ற பகைவனுக்கும் உதவும் ஊராண்மை வீரத்தின் கூர்மையாக உயர்த்தப்படுகின்றது. பிறன்மனை நோக்காத அடக்கமே பேராண்மை என்பது 148 ஆம் குறளின் கருத்து. சான்றாண்மை என்பது 99 ஆம் அதிகாரத்தின் பெயர். அப்பண்பு ஆடவர்க்கு மட்டும் உரியதன்று. இவற்றுள் எதுவும் உடல் வலியைக் குறிப்பதாக இல்லை. தன்னை ஆளுதல், முயற்சியை ஆளுதல், கொடையை ஆளுதல் என்பனவே ஈண்டுப் பொருளாகின்றன.

இத்தகைய பொருள் மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியில் ஆடவனைக் குறிக்கும் 'விர்' என்னும் சொல்லினின்று 'விர்த்தூஸ்' என்னும் சொல் பிறந்தது. முதலிற் போர்த்திறத்தைக் குறித்த அது, காலப்போக்கில் ஒழுக்கச் சிறப்பைக் குறிக்கலாயிற்று. வடமொழியினின்று தமிழுக்கு வந்த 'வீரம்' என்னும் சொல்லின் அடியும் அந்த இலத்தீன் சொல்லுக்கு இனமானதே. பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியான தமது ஆய்வு நூலிற் பழந்தமிழ்ப் பாடல்களின் காலத்தை வீரயுகமாக விளக்கினார். வேட்டலும் ஆநிரை கவர்தலும் போரும் சிறப்புற்ற வாழ்வினின்று உழவும் ஊரும் நிலைபெற்ற வாழ்விற்குச் சமுதாயம் மாறியபோது, ஆண்மையின் அளவுகோலும் வாளினின்று கலப்பைக்கு மாறியது எனக் கருத இடமுண்டு. வேளாண்மை என்னும் சொல் உதவியையும் உழவையும் ஒருங்கே குறிக்க நேர்ந்தமை இம்மாற்றத்தின் சுவடாகலாம்.

இனி மட்டக்களப்பை நோக்குவோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயல்கள் பரந்த படுவான்கரை. இங்கு வாழும் தமிழரிடையே குடி என்னும் வகுப்பு முறை தாய்வழியாக வருவது. ஒருவன் தன் தாயின் குடியையே சேர்ந்தவன். இவ்வழக்கு இப்பகுதி முஸ்லிம்களிடையேயும் உண்டு. மணமான ஆடவன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்கின்றான். பிறந்த வீடு அவனுடைய சகோதரிக்கு உரியதாகின்றது. எனினும் கோயிற் காரியங்களில் அவன் தாய்க்குடியின் உறுப்பினனாகவே நிற்கின்றான். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் பதவியும் குடியுரிமை வழியாகவே அமைவது.

1876 இல் கிறிஸ்தோபர் பிறிற்றோ வெளியிட்ட முக்குவர் சட்டம் பற்றிய நூல் இம்மரபின் பழைய வடிவத்தை அறிய உதவுகின்றது. அவ்வழக்கின்படி மூதாதையர் வழிவந்த முதுசொம் ஒருவனுடைய மக்களைச் சேராது, அவன் சகோதரியின் மக்களையே சேரும். தானே தேடிய தேட்டம் மட்டுமே மக்களுக்குரியது. அதே ஆண்டிற் பிறப்பிக்கப்பட்ட 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் இவ்வழக்கு நீதிமன்றங்களில் வலுவிழந்தது. ஆயினும் வீட்டையும் வயலையும் மகளுக்குச் சீதனமாக வழங்கும் முறை நிலைத்தது. சகோதரிக்கு வீடு கட்டிக் கொடுத்து அவளை வாழவைத்த பின்னரே தன் வாழ்வை நினைப்பது நல்ல ஆண்மகனின் இலக்கணமாக மதிக்கப்பட்டது.

இந்நிலையிற் குடிசெயல்வகை என்னும் அதிகாரத்து 1026 ஆம் குறள் புதியதொரு பொருளைப் பெறுகின்றது. தான் பிறந்த குடியை ஆளும் பொறுப்பாகிய இல்லாண்மையைத் தனதாக்கிக் கொள்வதே நல்லாண்மை என்பது அதன் கருத்து. மட்டக்களப்பு ஆடவன் பிறந்த வீட்டை உடைமையாகப் பெறுபவன் அல்லன். ஆயினும் அதன் பொறுப்பைச் சுமப்பவன். உடைமை வேறு, ஆண்மை வேறு என்னும் உண்மை இவ்வாழ்க்கை முறையிலே தெளிவாகப் புலனாகின்றது.

ஆயினும் இம்மரபை முற்றிலும் பொற்காலமாகக் காட்டுதல் வரலாற்று நெறியன்று. வயல் பெண்ணின் பேரில் இருந்தபோதும் அதனை ஆளுதல் பெரும்பாலும் ஆடவர் கையிலேயே இருந்தது. வண்ணக்கர் ஆடவரே, வட்டை விதானையும் ஆடவரே. உரிமை தாய்வழி வந்தது. அதிகாரம் தாயிடம் வரவில்லை. மேலும் நிலவுடைமையாளரான போடியாரின் கீழ் உழைத்த முல்லைக்காரனும் அவனுடைய கூட்டாளிகளுமே சேற்றில் இறங்கியவர்கள். விளைவித்தவனின் தாளாண்மை போடியாரின் பெருமையாக எண்ணப்பட்டது. ஆளுதல் என்னும் பொருள் பொறுப்பைக் குறிப்பது போலவே அடக்குதலையும் குறிக்க வல்லது என்பதை மறத்தலாகாது.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. ஆடவர் பலர் மாண்டனர். பலர் காணாமற் போயினர். வேறு பலர் வெளிநாடு சென்றனர். வாவியின் இரு கரைகளிலும் குடும்பத் தலைமையைப் பெண்கள் ஏற்க நேர்ந்தது. விதைநெல்லுக்குக் கடன் பெறுதலும், கூலியாட்களை அமர்த்துதலும், நெல்லை விற்றலும், பிள்ளைகளைப் படிப்பித்தலும் அவர்கள் பொறுப்பாயின. முன்னர்ப் பேரளவில் உடைமை பெற்றிருந்த பெண்கள், பேரிழப்பின் வழியாக, ஆளுதலையும் ஏற்றனர். இழப்பால் வந்த இப்பொறுப்பை ஊர்ச்சபையும் கோயிற்சபையும் எவ்வளவு தூரம் உரிமையாக ஏற்கின்றன என்பதே இன்றைய வினாவாகும்.

இவ்வினாவிற்குச் சொல்லே ஒரு வழியைக் காட்டுகின்றது. ஆண்மை பிறப்பால் மட்டும் அமைவதாயின் இப்பெண்களின் செயலுக்குப் பெயரில்லை. அது ஆளுந்தன்மையாயின், இல்லாண்மையும் தாளாண்மையும் வேளாண்மையும் அவர்களுக்கும் உரியன. படுவான்கரையில் விளைந்து நிற்கும் நெல்லுக்குப் பழந்தமிழ் தந்த பெயர், அதை விளைவித்தவர் ஆணா பெண்ணா என வினவுவதில்லை.