பாலா போனார், ஹிக்கின்ஸ் வந்தார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணை பரதநாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருப்பது புனேயில் எனக்கு வாடிக்கை. போன வாரம் பக்கத்தில் நின்ற மராத்தி நண்பர், "இந்த டான்ஸ் எப்படி அமெரிக்கா வரை போச்சு?" என்று கேட்டார். "நம்ம ஆட்கள் போனாங்க, கூடவே போச்சு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அது பாதி பதில்தான். மீதிப் பாதி இதோ.

வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி (1918–1984), தேவதாசி மரபில் வந்தவர். 1947-ல் பொட்டுக்கட்டுவதைத் தடுத்து சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. சட்டம் தேவைதான். ஆனால் அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஆடுவதே கௌரவக் குறைச்சல் என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது. அதையும் மீறி மேடையில் நின்ற வெகு சிலரில் பாலா ஒருவர்.

1961-ல் டோக்கியோவில் கிழக்கு-மேற்கு இசைச் சந்திப்பில் ஆடினார். அடுத்த வருடம் அமெரிக்கா: ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழா, கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1963-ல் எடின்பரோ விழா.

இதில் ஒரு சங்கடமான விஷயமும் உண்டு. டோக்கியோ விழாவை நடத்தியதில் முக்கியப் பங்கு 'கலாசாரச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ்' என்ற அமைப்புக்கு. அதற்கு சி.ஐ.ஏ. பணம் வந்துகொண்டிருந்தது 1967-ல் அம்பலமானது. பனிப்போர்க் காலம், கலையும் ஓர் ஆயுதம்!

விழா சில நாளில் முடிந்துவிடும். வேர் பிடித்தது வேறு வழியில். பாலாவின் தம்பி விஸ்வநாதன் (புல்லாங்குழல்) 1958-லேயே ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலிஸ் போனவர். இன்னொரு தம்பி ரங்கநாதன் (மிருதங்கம்) 1963-ல் வெஸ்லியனில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அங்கே படித்த ஜான் ஹிக்கின்ஸ், அதே ஃபுல்பிரைட்டில் எதிர்த்திசையில் சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் பாட்டு கற்றார். நம்மவர்கள் அவரை 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்றே கூப்பிட்டார்கள். பரதநாட்டிய இசையை ஆராய்ந்து முனைவர் பட்டமும் வாங்கினார்.

1984 பிப்ரவரியில் பாலா மறைந்தார். அதே வருடம் டிசம்பரில் சாலை விபத்தில் ஹிக்கின்ஸும் போய்விட்டார். வயது 45தான்.

டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு ஆயிரம் கணக்கு இருந்திருக்கலாம். (நானும் கம்பெனி டிக்கெட்டில் இந்த ஊருக்கு வந்தவன்தான்.) போன இடத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, கற்றுக்கொள்ளவும் ஆள் இருந்தது. அதனால்தான் நின்றது.

மராத்தி நண்பரின் பெண்ணும் என் பெண் பக்கத்தில் நின்றுதான் ஆடுகிறாள். அடுத்த ஞாயிறு அவருக்கு மீதியைச் சொல்லிவிட வேண்டும்.