வெங்கச்சான் சில்லும் அம்புமுனையும்: சிற்றாற்றுப் படுகையில் கற்கருவியை இனங்காணல்

குற்றாலத்துப் பேரருவி நேரே தரையில் விழுவதில்லை. பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து பொங்கிய பிறகே சிற்றாறாகக் கீழே இறங்குகிறது. வெள்ளக் காலத்தில் மலையிலிருந்து உருண்டு வரும் கற்கள் சிற்றாற்றின் பாறைகளில் மோதிச் சிதறுகின்றன. அந்தச் சிதறலில் இலைபோலவும் முக்கோணமாகவும் கூரான சில்லுகள் கிடைப்பதில் வியப்பில்லை. வடிவத்தை மட்டும் கண்டு அவற்றை அம்புமுனை என்பது தவறு என்பதே என் வாதம்.

சிக்கிமுக்கி போன்ற நுண்மணிக் கல்லில் மனிதன் தட்டிய தடம் தெளிவாக விழும். அடிபட்ட இடமும், அதன்கீழ் சிறு புடைப்பும், அங்கிருந்து விரியும் அலைவரிகளும் தெரியும். வெங்கச்சான் கல் (குவார்ட்ஸ்) அப்படியன்று. உள்விரிசல்கள் மிகுந்த கல் அது. கைதேர்ந்தவன் தட்டினாலும் புடைப்பு தெரியாமல் போகலாம். ஆகவே பார்க்க வேண்டியது விளிம்பை. சில்லைச் சாய்வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஒரே பக்கத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே அளவில், அடுத்தடுத்துப் பெயர்த்த சிறு பள்ளங்கள் வரிசையாக ஓடினால் அது கைவேலையாக இருக்க வாய்ப்புண்டு. ஆறு உடைத்த விளிம்பில் பள்ளங்கள் இருபுறமும் தாறுமாறாக இருக்கும். சில தேய்ந்தும் சில புதிதாகவும் தெரியும்.

இதே பழைய திருநெல்வேலிச் சீமையின் கிழக்கே, தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் நிலைமை வேறு. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களின் நுண்கற்கருவிகளை ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் விரிவாக ஆராய்ந்தனர். பிறைவடிவக் கருவிகளோடு இருமுகமும் செதுக்கிய கூர்முனைகளும் அங்கே உண்டு. செம்மணல் மேட்டில் கல் தானாக முளைக்காது. காற்று மணலைக் கொண்டுவரும், கைப்பிடிக் கல்லைக் கொண்டுவராது. தேரியில் கிடக்கும் சில்லுக்கு இடமே பாதிச் சாட்சி. சிற்றாற்றில் அதே இடம் எதிர்ச்சாட்சி. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைப்பது முறையாகாது.

கைவேலை என்று உறுதியானாலும் அம்புமுனை என்று உடனே சொல்லிவிட முடியாது. கூரான கருவி துளையிடவும் கிழிக்கவும் பயன்பட்டிருக்கலாம். எய்த முனையில் மோதலால் நுனி முறிந்த தடமோ, தண்டில் ஒட்டிய பிசினின் எச்சமோ இருக்க வேண்டும். இலங்கையின் பாகியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுப் பழைமையுள்ள எலும்பு முனைகளை அம்புமுனைகள் என்று 2020-இல் அறிவித்தபோது, அவற்றின் பயன்பாட்டுத் தடங்களையே ஆய்வாளர்கள் சான்றாக வைத்தனர். அத்தடங்கள் இல்லாத இடத்தில் ‘கூர்முனை’ என்ற சொல்லே போதும்.

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30-இல் பல்லாவரத்தில் தம் முதல் கற்கருவியைக் கண்டார். அந்த ஒற்றைக் கல்லோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் சென்று மேலும் பல கருவிகளைக் கண்டார். தென்காசி வட்டாரத்தில் தேடுவோரும் ஒற்றைக் கல்லை எடுத்து வராமல், அது கிடந்த மண்ணடுக்கையும் அருகிலுள்ள கழிவுச் சில்லுகளையும் முதலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாத சிற்றாற்றுச் சில்லைக் கருவிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.