சீசாவின் சாட்சியம்

அமெரிக்காவில் பெரிய லாரி ஓட்டப் புதிதாக வேலைக்குச் சேருகிறவன், லைசென்ஸைக் காட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. முதலில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். 45 மில்லி லிட்டருக்குக் குறையக் கூடாது. நாலு நிமிஷத்துக்குள் அதன் சூட்டைப் பார்க்கிறார்கள். 90 முதல் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இல்லையென்றால், வேறு யாருடையதையோ ஊற்றியிருக்கிறான் என்று சந்தேகம். தண்ணீர் கலந்துவிடாதபடி கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் விட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு இரண்டு சீசாக்களில் பிரித்து, முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். கஞ்சா, கொக்கெயின், அபின் வகைகள், ஆம்பெட்டமின், பி.சி.பி. ஆகிய ஐந்து இனங்களில் ஒன்றும் இல்லையென்று பதில் வந்த பிறகே அவன் ஸ்டீயரிங்கைத் தொடலாம்.

ஒரு மைல்கூட ஓட்டாதவன்மேல் இவ்வளவு சந்தேகமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தச் சீசாவுக்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. அதில் டிரைவர் மட்டுமே பாத்திரமல்ல.

ஆம்பெட்டமின் 1887-இல் பெர்லினில் ஒரு ருமேனிய ரசாயன நிபுணர் செய்து பார்த்த சரக்கு. வெகு காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1930-களில் ‘பென்ஸட்ரின்’ என்ற பெயரில் மருந்துக் கடைக்கு வந்தபோது, தூக்கத்தை விரட்டும் அதன் குணம் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்குச் சர்க்காரே கொடுத்தது. யுத்தம் முடிந்ததும் மாத்திரை லாரியில் ஏறிக்கொண்டது. ஏறாமல் என்ன செய்யும்? நெடுந்தூர டிரைவருக்கு மைல் கணக்கில் கூலி. சக்கரம் நின்றால் கூலியும் நின்றது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரந்தான் ஓட்டலாம் என்று 1930-களின் கடைசியிலேயே விதி போட்டிருந்தார்கள். அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. டிரைவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘காமிக் புத்தகம்’! எழுதியதற்கும் ஓடியதற்கும் அவ்வளவு சம்பந்தம். 1950-களில் உணவு, மருந்து இலாகாவின் இன்ஸ்பெக்டர்கள் லாரி டிரைவர் வேஷம் போட்டுக்கொண்டு, சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் மாத்திரை வாங்கித் துப்புத் துலக்கினார்கள். 1965-இல் கடுமையான சட்டமும் வந்தது. மாத்திரையை விற்றவன் பிடிபட்டான். மாத்திரை போடாமல் போய்ச் சேர முடியாதபடி நேரம் குறித்து அனுப்பியவனைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சில்லை.

சோதனைச் சீசாவைக் கொண்டுவந்தது லாரி அல்ல, ரயில். 1987 ஜனவரி 4-ஆம் தேதி, மேரிலாந்து மாகாணத்துச் சேஸ் என்ற இடத்தில், கஞ்சா புகைத்திருந்த ஓர் இன்ஜின் டிரைவர் சிக்னலைத் தாண்டிப் பாதைக்குள் வந்து நிற்க, பின்னால் வந்த பிரயாணி ரயில் மோதி 16 பேர் மாண்டார்கள். மறு வருஷமே போக்குவரத்து இலாகா, லாரிக்காரர்களையும் சேர்த்துச் சோதனை விதிகளை வெளியிட்டது. 1991 ஆகஸ்டு 28-இல் நியூயார்க் சுரங்க ரயிலைக் குடித்துவிட்டு ஓட்டியவனால் 5 பேர் இறந்தார்கள். சரியாக இரண்டே மாதத்தில், அக்டோபர் 28-இல், சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி மூத்த புஷ் கையெழுத்திட்டார்.

இதற்குள் நீதிமன்றமும் வழிவிட்டிருந்தது. ரயில் ஊழியர் வழக்கில், விபத்துக்குப் பின் செய்யும் சோதனை செல்லும் என்று 1989-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மறுத்தவர் இருவர். அவர்களில் மார்ஷல், யுத்த காலத்தில் ஜப்பானிய வம்சத்தாரை முகாம்களில் அடைத்ததை நினைவூட்டி, அவசரத்தில்தான் சுதந்திரம் பறிபோகிறது என்று எச்சரித்தார். லாரி டிரைவர்களின் சங்கம் போட்ட வழக்கும் 1991-இல் தோற்றது.

சோதனையே வேண்டாமென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 36 டன் பாரத்தோடு வருகிறவன் தெளிவாக இருக்க வேண்டுமென்று எதிரே வருகிறவன் கேட்பது நியாயம். ஆனால் சீசா எதற்குச் சாட்சி? கஞ்சாவின் சுவடு சிறுநீரில் நாள் கணக்கில், வழக்கமாகப் புகைக்கிறவனிடம் வாரக் கணக்கில் தங்கும். ஆகவே போன வாரம் புகைத்தவனை அது காட்டிக்கொடுக்கும். இரண்டு ராத்திரி தூங்காதவனைக் காட்டாது. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரைக் கூலி என்ற 1938-ஆம் வருஷச் சட்டம் பெரும்பாலான நெடுந்தூர டிரைவர்களுக்குப் பொருந்தாதென்று விலக்கிவைத்தார்கள். அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. மைல் கூலியும் இருக்கிறது.

தேறாதவனின் பெயர் 2020 முதல் தேசம் முழுவதற்குமான ஒரே பதிவேட்டில் ஏறுகிறது. 2024 நவம்பர் முதல் லாரி ஓட்டும் உரிமையும் போய்விடும். திரும்பி வர வேண்டுமானால் ஒரு நிபுணரிடம் போய், அவர் சொல்லும் சிகிச்சையை முடித்து, மறுபடியும் சோதனையில் தேற வேண்டும். அதன்பின் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 தடவை சீசா நீட்டுவார்கள். அந்த ஆறு தடவையும் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.