வருஷா வருஷம் டார்கெட்... எதை அளக்கணும், எதை அளக்கக் கூடாது? கேபிஐ, ஓகேஆர் பற்றிய விளக்கம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், பெரும்பாலான தனியார் அலுவலகங்களில் டார்கெட் பேச்சு ஆரம்பித்துவிடும். விற்பனைப் பிரிவுக்கு இவ்வளவு, வாடிக்கையாளர் சேவைக்கு இவ்வளவு, ஹெச்.ஆருக்கு இவ்வளவு என ஒரு எக்செல் ஷீட் வரும். அடுத்த மார்ச்சில் அதே ஷீட்டை வைத்துத்தான் அப்ரைசல், சம்பள உயர்வு எல்லாம். ஆனால், அந்த எண்கள் எப்படி வந்தன, உண்மையில் எதை அளக்கின்றன என்று கேட்டால் பல இடங்களில் மேனேஜருக்கே பதில் தெரியாது.

இது ஏதோ பேப்பர் வேலை என்று விட்டுவிட முடியாது. தப்பான ஒரு எண்ணை விரட்டியதால் அமெரிக்காவின் மிகப்பெரிய வங்கிகளில் ஒன்றில் சுமார் 5,300 பேர் வேலை இழந்தார்கள். அந்தக் கதைக்கு வருவதற்கு முன், சில அடிப்படைகள்.

கேபிஐ, ஓகேஆர்: என்ன வித்தியாசம்?

கேபிஐ என்பது ஒரு துறை நன்றாக ஓடுகிறதா என்று காட்டும் மீட்டர். வண்டியில் பெட்ரோல் முள் இருப்பது போல. மாதம் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, ஒரு காலியிடத்தை நிரப்ப எத்தனை நாள் ஆனது... இதெல்லாம் கேபிஐ. எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓகேஆர் அப்படியல்ல. இந்தக் காலாண்டில் எங்கே போகப் போகிறோம் என்பதைச் சொல்லும் ஒரு நோக்கம், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பதை நிரூபிக்கும் மூன்று நான்கு எண்கள். அவ்வளவுதான். முதலாவது உடம்பு சூட்டைப் பார்க்கும் தெர்மாமீட்டர் என்றால், இரண்டாவது மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைப்பேன் என்ற திட்டம். பல கம்பெனிகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இருபது முப்பது வரி கொண்ட ஒரே பட்டியலாகக் கொடுத்துவிடுகிறார்கள். இருபது இலக்கு என்றால் எதுவுமே இலக்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

யார் ஆரம்பித்து வைத்தது?

மேலாண்மை நிபுணர் பீட்டர் டிரக்கர் 1954ல் எழுதிய புத்தகத்தில், ஒவ்வொரு மேனேஜருக்கும் தெளிவான நோக்கங்கள் வேண்டும், அதை வைத்தே வேலையைப் பார்க்க வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். 1970களில் இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் அதைச் சுருக்கி, காலாண்டு இலக்குகளாக மாற்றினார். அங்கே வேலை பார்த்து அதைக் கற்றுக்கொண்ட ஜான் டோயர், 1999ல் அப்போது சின்ன நிறுவனமாக இருந்த கூகுளுக்குக் கொண்டுபோனார். ஓகேஆர் உலகம் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான்.

கூகுளில் இலக்குகளுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண். 0.6, 0.7 வாங்கினாலே நல்லது. எல்லாவற்றிலும் 1 வாங்கினால் இலக்கைச் சுலபமாக வைத்துவிட்டார்கள் என்று பொருள். நம்மூர் அலுவலகங்களில் இதைக் காப்பியடிக்கும்போது இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 70 சதவீதம் செய்தவரைக் கூப்பிட்டு, மீதி 30 எங்கே என்று கேட்டால், அடுத்த வருஷம் அவர் எட்டிவிடக்கூடிய எண்ணைத்தான் எழுதுவார். வேறென்ன செய்வார்?

'ஸ்மார்ட்' இலக்கு என்று டிரெய்னிங்கில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1981ல் ஜார்ஜ் டோரன் எழுதிய ஒரு கட்டுரையில் வந்தது அது. அதில் 'ஏ' எழுத்துக்கு இப்போது 'அடையக்கூடியது' என்று சொல்லித் தருகிறார்கள். டோரன் எழுதியது வேறு: யார் செய்யப் போகிறார் என்று பெயர் சொல்லி ஒப்படைக்கக்கூடியது. துறை இலக்குக்கு உண்மையில் இதுதான் முக்கியம். பொறுப்பாளர் பெயர் இல்லாத இலக்கு மீட்டிங் முடிந்ததும் மறந்துபோகும்.

வெல்ஸ் ஃபார்கோ: 'எட்டு' படுத்திய பாடு

இப்போது அந்த வங்கிக் கதை. வெல்ஸ் ஃபார்கோ தன் கிளைகளுக்கு வைத்த இலக்கு எளிமையானது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகள் விற்க வேண்டும். சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, கடன், ஆன்லைன் வசதி என எட்டு. ஆங்கிலத்தில் எட்டு என்பதும் பிரமாதம் என்பதும் எதுகையாக வருவதால் அதுவே கோஷமும் ஆனது. ஒருவர் அதிக சேவைகளைப் பயன்படுத்துகிறார் என்றால் அவருக்கு வங்கி மேல் நம்பிக்கை இருக்கிறது என்பது நிர்வாகத்தின் கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையே தினசரி டார்கெட் ஆனபோதுதான் எல்லாம் மாறியது.

டார்கெட் முடிக்காவிட்டால் வேலை போகும் என்ற பயம். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்கு திறந்தார்கள். கேட்காத கார்டுகளுக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஷீட்டில் எல்லாம் பச்சையாக இருந்தது. 2013ல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகை இதை வெளிக்கொண்டு வந்தது. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம், அடுத்த மாதமே தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்டம்ப் விலகல். அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை என மறு ஆய்வில் தெரியவந்தது. 2020ல் வழக்குகளை முடிக்க வங்கி 300 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

முதலில் வேலை போனது யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த 5,300 பேரில் பெரும்பாலானோர் கீழ்மட்ட ஊழியர்கள். எட்டு என்ற எண்ணை எழுதியவர்கள் அவர்கள் இல்லை.

பிரிட்டன் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பெயரில் ஒரு விதியே இருக்கிறது. ஒரு அளவுகோலை இலக்காக மாற்றிவிட்டால், அது நல்ல அளவுகோலாக இருக்காது என்பதுதான் சுருக்கம். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியை 4 மணி நேரத்துக்குள் அனுமதிக்க வேண்டும் அல்லது வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற இலக்கு 2000களில் வந்தது. காத்திருப்பு நிஜமாகவே குறைந்தது. கூடவே, நான்காவது மணி நேரம் முடியப் போகும் கடைசி நிமிஷங்களில் முடிவெடுக்கப்படும் நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென எகிறுவதும் புள்ளிவிவரத்தில் தெரிந்தது. நோயைப் பார்த்து எடுத்த முடிவா, கடிகாரத்தைப் பார்த்து எடுத்த முடிவா?

அப்போ, சரியான இலக்கை எழுதுவது எப்படி?

ஒரு கம்பெனியின் புகார் பிரிவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 'வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்துவோம்' என்று எழுதினால் அது இலக்கு இல்லை, சுவரில் மாட்டும் போர்டு. முதலில் இன்றைய நிலையை அளக்க வேண்டும். மாதம் 1,000 புகார் வருகிறது, அதில் 620 புகார் 48 மணி நேரத்தில் தீர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 62 சதவீதம். இப்போது இலக்கு: செப்டம்பர் 30க்குள் இது 80 சதவீதம் ஆக வேண்டும். எங்கிருந்து, எங்கே, எப்போதுக்குள் என மூன்றும் வந்துவிட்டது.

இதோடு நிறுத்தினால் வெல்ஸ் ஃபார்கோ கதைதான். 48 மணி நேரம் முடியும் முன் புகாரை 'தீர்ந்தது' என்று மூடிவிட யாருக்கும் கை நடுங்காது. அதனால் பக்கத்திலேயே ஒரு காவல் எண் வேண்டும். மூடிய புகார்களில் ஏழு நாளில் மறுபடி திறக்கப்படுபவை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேகத்துக்கு ஒரு எண், தரத்துக்கு ஒரு எண். எந்தத் துறைக்கும் இந்த ஜோடி பொருந்தும். ஹெச்.ஆர். பிரிவுக்கு ஆள் எடுக்க ஆகும் நாட்கள் ஒன்று, சேர்ந்தவர்களில் ஆறு மாதம் கழித்தும் இருப்பவர்கள் ஒன்று. கணக்குப் பிரிவுக்கு மாதக் கணக்கை முடிக்கும் தேதி ஒன்று, பிறகு செய்த திருத்தங்கள் ஒன்று.

வார்த்தைகளையும் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். 48 மணி நேரம் எப்போது தொடங்குகிறது, போன் வந்தபோதா, சிஸ்டத்தில் பதிவானபோதா? ஞாயிறு கணக்கில் உண்டா? தீர்ந்தது என்று சொல்வது ஊழியரா, வாடிக்கையாளரா? மார்ச்சில் வரும் சண்டைகளில் பாதி இந்தக் கேள்விகளை ஏப்ரலில் கேட்காததால் வருபவை.

இன்னொன்று, செய்த வேலையை எண்ணுவதும் விளைவை அளப்பதும் ஒன்றல்ல. 40 மணி நேரம் டிரெய்னிங் கொடுத்தோம் என்பது வேலை. அதனால் தப்புகள் குறைந்ததா என்பதுதான் விளைவு.

டிராக் செய்வது எப்படி?

வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் அது போஸ்ட்மார்ட்டம். வாரம் ஒரு முறை 15 நிமிடம், மாதம் ஒரு முறை விரிவாகப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு வாரம் 62 சதவீதம் 59 ஆனதும் ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவதில் பயனில்லை. எண்கள் அப்படித்தான் ஏறி இறங்கும். தொடர்ந்து நான்கைந்து வாரம் ஒரே பக்கம் போனால்தான் விஷயம்.

ஐடி வட்டாரத்தில் 'தர்பூசணி ரிப்போர்ட்' என்று ஒரு கிண்டல் உண்டு. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. சிவப்பு காட்டினால் திட்டு விழும் இடத்தில் எல்லா ரிப்போர்ட்டும் தர்பூசணி ஆகிவிடும். டார்கெட் முடிப்பவரே டேட்டாவையும் பதிவு செய்தால் இன்னும் சீக்கிரம் ஆகும்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். மத்திய அரசு 2018ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டின் விருதுநகரும் ராமநாதபுரமும் உண்டு. சுகாதாரம், கல்வி, விவசாயம் என 49 குறியீடுகள். அங்கே 'டெல்டா' தரவரிசை என்று ஒன்று இருக்கிறது. மாவட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல், போன தடவையை விட எவ்வளவு முன்னேறியது என்று பார்ப்பது. ஏற்கெனவே 90 சதவீதத்தில் இருக்கும் கிளையையும் 40ல் இருந்து 55க்கு வந்த கிளையையும் ஒரே தட்டில் வைக்கும் மேனேஜர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஊழியர்கள் என்ன கேட்கலாம்?

டார்கெட் ஷீட் கைக்கு வந்ததும் கையெழுத்து போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. போன வருஷம் இந்த எண் எவ்வளவு? இதில் என் கையில் இருப்பது எவ்வளவு, வேறு துறையை நம்பியிருப்பது எவ்வளவு? பாதி வருஷத்தில் ஆட்கள் குறைந்தால் எண் மாறுமா, மாறும் என்றால் யார் மாற்றுவார்கள்? பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அப்ரைசல் நேரத்தில் அந்த மேனேஜரே வேறு டீமுக்குப் போயிருக்கலாம்.

வெல்ஸ் ஃபார்கோ 2016லேயே கிளைகளுக்கான விற்பனை டார்கெட்டை ரத்து செய்துவிட்டது. ஆனாலும் அமெரிக்க மத்திய வங்கி 2018ல் அதன் வளர்ச்சிக்கே உச்சவரம்பு வைத்தது. அந்தத் தடை நீங்கியது 2025 ஜூனில்.