பேர்லின் டைனோசரைப் பார்க்கப் போக முதல்

எங்களில் ஒருத்தியின் சின்னம்மா குடும்பம் ஜேர்மனியில் இருக்கிறது. ஒக்ரோபர் பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேர்லினுக்குப் போகப் போகிறார்களாம். கடைக்குட்டிக்கு ஏழு வயது, டைனோசர் என்றால் அவனுக்குச் சோறும் வேண்டாம். "நீங்கள் கம்பஸில சரித்திரம்தானே படிக்கிறியள், போக முதல் பிள்ளையளுக்குச் சொல்ல ஏதும் இருந்தா எழுதி அனுப்புங்கோ" என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். நாலு வரி எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தோம். வாசிக்க வாசிக்க விஷயம் நீண்டுவிட்டது. சின்னம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டு இருக்க மனம் வரவில்லை, அதனால் இங்கேயும் எழுதுகிறோம்.

முதலில் பயணத்துக்கு வேண்டியது. போகவேண்டிய இடம் இன்வாலிடன் வீதியில் உள்ள இயற்கை வரலாற்று நூதனசாலை. இப்போதுள்ள கட்டடம் 1889இல் திறக்கப்பட்டது. யூ6 நிலக்கீழ் ரயிலில் போனால் நூதனசாலையின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. திங்கட்கிழமை பூட்டு. உள்ளே போனவுடன் பெரிய மண்டபம், அதன் நடுவே அண்ணாந்து பார்க்கவேண்டிய அந்த எலும்புக்கூடு. பெயர் ஜிராஃபாடைட்டன் பிராங்காய். உயரம் 13.27 மீற்றர். உலகில் பொருத்தி நிறுத்தப்பட்டுள்ள டைனோசர் எலும்புக்கூடுகளில் மிக உயரமானது என்ற பெயர் அதற்கு. முன்னங்காலின் மேல் எலும்பு ஒன்றே 2 மீற்றருக்கு மேல் நீளம். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த விலங்கு.

பிள்ளைகள் இதற்குள் "வாவ்" சொல்லி முடித்திருப்பார்கள். அப்போது அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுவோம்: இந்த எலும்பு எந்த ஊர் மண்ணில் கிடந்தது?

ஜேர்மனி மண்ணில் இல்லை. இன்றைய தன்சானியாவின் தென்கிழக்கில் லிண்டி என்ற துறைமுக நகரத்திலிருந்து உள்ளே போனால் தெண்டகுரு என்ற குன்று வரும். வம்வேரா மக்களின் மொழியில் அதற்குச் செங்குத்தான குன்று என்று பொருள் சொல்கிறார்கள். அன்று அந்த நிலம் ஜேர்மன் கிழக்கு ஆபிரிக்கா என்ற குடியேற்ற நாட்டுக்குள் இருந்தது. 1906இல் சாட்லர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் அங்கே பெரிய எலும்புகளைக் "கண்டுபிடித்தார்" என்றுதான் பல புத்தகங்கள் தொடங்குகின்றன. எலும்புகள் நிலத்துக்கு மேலேயே துருத்திக்கொண்டு கிடந்தன. அந்த நிலத்தில் விதைத்து வாழ்ந்தவர்களின் கண்ணில் அவை படாமல் இருந்திருக்குமா? கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த அதே மாதிரியான கதைதான் இதுவும்.

1906 என்ற ஆண்டை இன்னொரு தரம் பாருங்கோ. 1905இல் அதே தென்பகுதியில் மஜி மஜி எழுச்சி வெடித்திருந்தது. கட்டாயப் பருத்திச் செய்கை, வரி, கூலியில்லாத வேலை என்பவற்றுக்கு எதிராகப் பல இனக்குழுக்கள் ஒன்றாக எழுந்தன. சுவாஹிலி மொழியில் மஜி என்றால் தண்ணீர். மந்திரித்த தண்ணீர் துப்பாக்கிக் குண்டுகளைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. குண்டுகள் கரையவில்லை. ஜேர்மன் படை ஊர்களை எரித்தது, பயிரையும் தானியக் களஞ்சியங்களையும் அழித்தது. சண்டையில் செத்தவர்களைவிடப் பஞ்சத்தில் செத்தவர்களே கூட. இறந்தோர் தொகையை 75,000 என்பவர்களும் உண்டு, 3 இலட்சம் என்பவர்களும் உண்டு.

அந்தப் பஞ்சம் கடந்து அதிக காலம் ஆகவில்லை, 1909இல் பேர்லின் நூதனசாலையின் அகழ்வுக்குழு அங்கே போய் இறங்கியது. வெர்னர் யானென்ஷ், எட்வின் ஹென்னிக் என்ற இருவர் தலைமையில் தொடங்கிய வேலை 1913 வரை நடந்தது. விஞ்ஞானிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மண்ணைக் கிண்டியவர்களோ உள்ளூர் ஆட்கள், கூடிய காலத்தில் ஏறத்தாழ 500 பேர். உழவு மாடோ குதிரையோ அங்கே நிலைக்காது, செட்சே ஈ கடித்தால் செத்துப்போகும். ஆகவே எலும்புகளைச் சாந்து பூசி, மூங்கிலால் வரிந்து கட்டி, மனிதர்கள் தலையிலும் தோளிலும் சுமந்தார்கள். லிண்டி துறைமுகத்துக்கு நாலு நாள் நடை. ஆயிரக்கணக்கான சுமைகள். கடைசியில் பேர்லினுக்குக் கப்பலேறியது ஏறத்தாழ 230 தொன். அந்த மூங்கில் பொதிகளில் சில நூறு ஆண்டுகள் கடந்தும் பிரிக்கப்படாமலே நூதனசாலையில் கிடந்தன.

அகழ்வில் முதன்மை மேற்பார்வையாளராக இருந்தவர் போஹெட்டி பின் அம்ரானி. எலும்பை உடையாமல் எடுப்பதில் கைதேர்ந்தவர். இப்போது டைனோசர்களின் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். "பிராங்காய்" என்பது நூதனசாலைப் பணிப்பாளர் பிராங்காவின் பெயர். டைக்ரியோசோரஸ் "ஹான்செமானி" என்பது நிதி திரட்டியவரின் பெயர். டைசலோட்டோசோரஸ் "லெட்டோவ்ஃபோர்பெக்கி" என்பது, கேளுங்கோ, ஜேர்மன் கிழக்கு ஆபிரிக்காப் படையின் தளபதியின் பெயர், 1919இல் வைக்கப்பட்டது. போஹெட்டியின் பெயர் ஒரு டைனோசருக்குக் கிடைக்க 2007 வரை செல்ல வேண்டியிருந்தது: ஒஸ்ட்ராலோடோக்கஸ் போஹெட்டியை. வம்வேரா மக்களின் பெயர் 2019இல்தான் வம்வேராகோடியா என்று ஏறியது. மண்டபத்தில் பெயர்ப்பலகைகளை வாசிக்கும்போது பிள்ளைகளோடு இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம்: இந்தப் பெயர் யாருடையது, மண் கிண்டினவருடையதா, காசு குடுத்தவருடையதா?

எலும்புக்கூடு முதலில் நிறுத்தப்பட்டது 1937இல், நாசிகளின் ஆட்சிக் காலத்தில். போரில் குண்டு விழும் என்று கழற்றி நிலவறையில் வைத்தார்கள். 1945 பெப்ரவரியில் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் குண்டுவீச்சில் இடிந்தது, எலும்புகள் தப்பின. 1953இல் கிழக்கு ஜேர்மனியின் கீழ் மறுபடி பொருத்தினார்கள். 1984இல் கழற்றி யப்பானுக்குக்கூடக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தன்சானியாவுக்கு மட்டும் அது ஒருநாளும் போகவில்லை. மண்டபத்தில் நிற்பது முழுவதும் ஒரே விலங்கின் எலும்பும் இல்லை. வேறு வேறு விலங்குகளின் எலும்புகளும், பாரம் தாங்காத இடங்களில் அச்சுவார்ப்புகளும் சேர்ந்தது அது.

"அந்தக் காலத்துச் சட்டப்படிதானே எடுத்தவை" என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், சட்டம் இருந்தது. 1895இல் போட்ட ஆணை ஒன்று "உரிமையாளர் இல்லாத" காணியெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றது. இதை வாசித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் இதன் அண்ணனை எங்களுக்கு ஏலெவலிலேயே தெரியும். இலங்கையில் பிரித்தானியர் 1840இல் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டமும் இதையேதான் செய்தது. காடும் தரிசும், உறுதி காட்ட முடியாத சேனை நிலமும் முடிக்கு என்றது, பிறகு அந்த நிலம் தோட்டங்களாக மாறியது. சட்டத்தை எழுதியவனும் பொருளை எடுத்தவனும் ஒரே ஆளாக இருக்கும்போது "சட்டப்படி" என்ற சொல்லுக்கு என்ன பெறுமதி?

திருப்பிக் கொடுப்பது பற்றிய பேச்சும் இருக்கிறது, ஆனால் அது நேர்கோட்டில் போகவில்லை. தன்சானிய அரசியலில் இந்தக் கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. 2018இல் அந்நாட்டின் அன்றைய வெளிநாட்டமைச்சர் மஹிகா, எலும்புக்கூட்டைத் திருப்பிக் கேட்பதைவிட அங்கேயே அகழ்வுக்கும் ஆய்வுக்கும் ஜேர்மனி உதவுவதே நல்லது என்ற நிலைப்பாட்டை எடுத்தார். 2023 நவம்பரில் ஜேர்மன் ஜனாதிபதி ஸ்டைன்மையர் தன்சானியாவின் சோங்கேயாவுக்குப் போய், மஜி மஜிப் போரில் நடந்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில்தான் நெதர்லாந்து, கண்டியிலிருந்து போன லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. அப்போது நாங்கள் எல்லோரும் படம் பகிர்ந்து மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி எங்களுக்கு நியாயம் என்றால் லிண்டிக்காரருக்கும் நியாயம்தான்.

இவ்வளவும் எழுதி அனுப்பினதும் சின்னம்மாவிடமிருந்து ஒரே வரி வந்தது: "அப்ப போக வேண்டாம் எண்டுறியளோ?"

ஐயோ, இல்லைச் சின்னம்மா. கட்டாயம் போங்கோ. ஏழு வயதுப் பிள்ளை அந்தக் கழுத்தை அண்ணாந்து பார்க்கிற சந்தோசத்தைக் கெடுக்க நாங்கள் யார்? அப்படியே பக்கத்து அறையில் இருக்கும் ஆர்க்கியோப்டெரிக்ஸையும் காட்டுங்கோ, பல்லும் வாலும் இறகும் ஒன்றாய் இருக்கும் அந்தச் சின்னப் புதைபடிவம் டைனோசருக்கும் பறவைக்கும் உள்ள சொந்தத்தைக் காட்டும். ஒன்று மட்டும் செய்யுங்கோ. தம்பி அந்தப் பெரிய காலடியில் நின்று படம் எடுக்கும்போது, இதைத் தலையில் சுமந்து நாலு நாள் நடந்த ஆட்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவரின் பெயர் போஹெட்டி என்று சொல்லிவிடுங்கோ. டைனோசர் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்புவிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு பெயர் பாரமில்லை.