கொழுந்து போன வழி

கந்தப்பளையிலிருந்து ராகலைக்குச் சைக்கிளில் போக எனக்கு இரண்டு வழி. ஒன்று தார் ரோடு. பஸ்ஸும் மரக்கறி லொறியும் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து நம்மை ஓரத்துக்குத் தள்ளும். மற்றது, பழைய ரயில் தடத்தின் மிச்சத் துண்டுகளையும் தோட்டத்துக் கிரவல் ரோடுகளையும் தொட்டுத் தொட்டுப் போகிற வழி. கொழுந்து லொறி வருகிற நேரம் தெரிந்தால் போதும், மற்ற நேரம் முழுக்க ரோடு நமக்குத்தான். முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். முழங்கால் முன்போல் இல்லை. ஆனாலும் இந்த இரண்டாவது வழியில் இறங்கி உருட்ட வேண்டிய இடம் குறைவு. ஆறாயிரம் அடி உயரத்து மலையில் இப்படி இதமாக ஏறும் ரோட்டை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்ற யோசனை சைக்கிள் மிதிக்கும்போதுதான் வந்தது.

ரயில் கதை சுருக்கமானது. பெரிய ரயில் 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. அங்கிருந்து இரண்டரை அடி அகலச் சின்னத் தண்டவாளம் 1903இல் நுவரெலியாவுக்கும், அடுத்த வருஷம் கந்தப்பளை வழியாக ராகலைக்கும் போனது. தேயிலைப் பெட்டி இறங்க, அரிசி மூட்டை ஏற. லொறிகள் பெருகியதும் வருமானம் விழுந்தது. 1940களில் ரயில் நின்றது. இப்போது தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. பல இடத்தில் தேயிலை மூடிவிட்டது, சில இடத்தில் வீடு வந்துவிட்டது.

ரயிலைப் பற்றிப் பேச ஆளுண்டு. அரசாங்க ரோடுகளுக்கும் தோமஸ் ஸ்கின்னர் என்ற பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. தோட்டத்துக் கிரவல் ரோடுகளுக்குத்தான் யாருடைய பெயரும் இல்லை. என் மனசு அங்கேதான் நிற்கிறது.

இந்த மலைகளில் முதலில் கோப்பிதான். தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் கோப்பிக்கு வந்தவர்கள். வழியிலேயே காலராவில் விழுந்தவர்கள் ஏராளம். கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலம் என்று ஒன்று உண்டு. பழத்தைத் தோலுரித்துக் காயவைத்துவிட்டால் கொட்டை காத்திருக்கும். மாட்டு வண்டி நாளைக்கு வந்தாலும் நட்டமில்லை. 1869இல் கோப்பி இலையில் துருப் பிடித்தாற்போல நோய் வந்தது. இருபது வருஷத்துக்குள் கோப்பி போயிற்று. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் வைத்த தேயிலை அந்த இடத்துக்கு வந்தது.

தேயிலைக் கொழுந்து காத்திருக்காது. கூடையில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். காலையில் கிள்ளியது அன்றைக்கே ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போயாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு மலைக்கும் ரோடு வேண்டும். பாரத்தோடு மாடு மூச்சு வாங்காமல் ஏறவேண்டும், இறங்கும்போது வண்டி மாட்டைத் தள்ளக்கூடாது. மலையை நேரே வெட்டி ஏறுகிற ரோடு இதற்கு ஆகாது. பள்ளத்துக்குப் பள்ளம் உள்ளே வளைந்து, முகட்டுக்கு முகடு வெளியே வளைந்து, ஒரே சரிவில் போக வேண்டும். இன்று என் முழங்கால் அனுபவிப்பது அந்த மாடுகளுக்குப் பார்த்த சரிவு.

அந்தச் சரிவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருந்தது. கோலின் உச்சியில் தொங்கும் நீளமான பித்தளைக் குழாய். ஒரு முனையில் கண் வைக்கிற சிறு துளை, மறுமுனையில் குறுக்குக் கம்பி. அடியில் நகரும் ஓர் எடை. எடையை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தினால் வேண்டிய சரிவுக்குக் குழாய் சாய்ந்து நிற்கும். அளவுக் கருவி விற்பவர்கள் இந்தியாவில் இதை இன்றைக்கும் ‘சிலோன் காட் டிரேசர்’ என்றே சொல்கிறார்கள். தோட்டத்துத் துரை துளையில் கண்வைத்து நிற்பார். எதிரே அதே உயரத்தில் பலகை பொருத்திய கோலோடு ஒரு பையன் சரிவில் மேலேயும் கீழேயும் அலைவான். பலகை கம்பிக்கு நேரே வந்ததும் “நில்!” என்று சத்தம் வரும். அவன் காலடியில் ஒரு முளை அடிப்பார்கள். இருபதுக்கு ஒன்று என்று எடையை வைத்திருந்தால், முளைக்கு முளை இருபதடி நடக்க ஓரடி ஏறும். பிறகு முளை வரிசையைப் பிடித்து ஆட்கள் மலையை வெட்டுவார்கள்.

அந்தப் பலகை பிடித்த பையன்களில் ஒருவர் என் தாத்தா. அட்டை கடித்த காலோடு நாள் முழுக்க அலைந்ததையும், “நில்” என்ற சொல்லைத் தவிர வேறு பேச்சு அன்றைக்குக் காதில் விழாததையும் சொல்லியிருக்கிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு ரோட்டில் நடந்தாலே “இது தப்பின ரோடு, இது நிண்ட ரோடு” என்று கண்டுபிடித்துவிடுவார்.

ரோடு நிற்பதன் இரகசியம், ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானில் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் ரோட்டு வேலையிலேயே முதிர்ந்த ஒருவர். போன ஐப்பசி மழையில் கான் தூர்ந்த ஒரு வளைவில் தண்ணீர் ரோட்டுக்கு நடுவே ஓடிக் கிரவலை அரித்திருந்தது; அந்தப் பள்ளத்தில் முன்சில்லு இறங்கி நான் விழுந்தேன். தூக்கிவிட்டவர் அவர்தான்.

“அடி பட்டுச்சா சேர்? ரோட்டைப் பாக்காதீங்க, கானைப் பாருங்க. கான் செத்தா ரோடும் செத்துப்போகும்.”

மலைப்பக்கம் ஓடும் கான், இடையிடையே மதகுக்குள் நுழைந்து ரோட்டுக்கு அடியால் மறுபக்கம் இறங்குகிறது. பள்ளப்பக்கத்தில் கல்லுக்கட்டு. குனிந்து பார்த்தேன். சீமெந்து ஒரு பொட்டும் இல்லை. பெரிய கல்லின் வயிற்றில் சின்னக் கல் முட்டுக்கொடுத்து, சுவர் முழுக்க மலையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இடுக்குகளில் பாசி, சிறு பன்னம். ஒரு கல்லில் உளி பட்ட வரிசை இன்னும் தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தேன்; சுண்டுவிரல் பதிகிற ஆழம்.

இந்தக் கல்லை அடுக்கியவர்களின் பிள்ளைகளைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு என் சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் கப்பல் ஏறப் புறப்பட்ட அன்று, அவர்களுடைய தகரப்பெட்டியை நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கியது இதே கிரவல் ரோட்டில். லயத்தில் இருந்து கடைசி வளைவு வரைக்கும் யாரும் பேசவில்லை. சித்தப்பா மட்டும் வழியில் குனிந்து, கானில் கிடந்த ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டார்.

இப்போது கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா மலைகளுக்கு வரும் ‘பீக்கோ டிரெயில்’ இருக்கிறது. 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல். வெளிநாட்டுப் பிள்ளைகள் நடந்தும் சில இடங்களில் சைக்கிளிலும் போகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். வருகிறவர்கள் வளைவில் நின்று பள்ளத்தைப் படம் எடுக்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தால், கையைப் பிடித்துக் கொஞ்சம் கீழே கூட்டிப்போய்க் கல்லுக்கட்டைக் காட்டுகிறேன்.

விழுந்த இடத்துக்கு மறுவாரம் போனேன். அந்தப் பெரியவர் மம்பட்டியோடு நின்றார். யாரும் சொல்லி அவர் வரவில்லை, கூலிக்குப் பேர் போடவும் ஆளில்லை. கானில் நிறைந்திருந்த சேற்றை வழித்து ஓரத்தில் குவித்திருந்தார். மதகின் வாயை அடைத்திருந்த சருகை நான் கையால் இழுத்தேன். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியில் குடுகுடுவென்று சத்தம் கேட்டது. மறுபக்கத்துக் கல்லுக்கட்டின் இடையிலிருந்து கலங்கல் தண்ணீர் தேயிலைக்குள் இறங்கியது.